அமுதாக்காவுக்கு நாங்கள் கொடுத்த எட்டு நிமிடம்

பிப்ரவரி பதினொன்று, புதன்கிழமை. காலை ஏழு மணி பன்னிரண்டு நிமிடம். நாற்பத்திரண்டு பேர்.

இந்த எண்களை முதலில் எழுதிவிடுகிறேன். ஏனென்றால் பத்தே நாளில் எல்லாரும் "காலையில ஏதோ ஒரு நேரம்", "கொஞ்சம் பேர் நின்னுட்டிருந்தோம்" என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். கொஞ்சம் பேர் இல்லை. படப்பை நிறுத்தத்தில் நம் கம்பெனி பஸ்ஸில் ஏற வேண்டியவர்கள் நாற்பத்து நான்கு பேர். கீழே விழுந்தவர் ஒருவர். அன்று தாமதமாக வந்தவள் ஒருத்தி. மீதி நாற்பத்திரண்டு. அதில் நானும் ஒருவன்.

அமுதாக்கா இறந்த செய்தி எட்டே முக்காலுக்கு வந்தது. நான் கார் சீட் தயாராகும் இரண்டாம் லைனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அமுதாக்காவின் லைனில் வேலை செய்கிற, ஆம்புலன்ஸில் கூடப் போயிருந்த முத்துமாரி போன் செய்தாள்.

"அண்ணே, அக்கா போயிட்டாவ."

பிறகு, "நெஞ்ச எப்ப அமுக்க ஆரம்பிச்சியன்னு டாக்டர் கேட்டாரு. எனக்கு நேரம் தெரியலண்ணே. நீங்கதான போன்ல இருந்திய, உங்களுக்குத் தெரியும்லா?"

தெரியும். ஏழு பதிமூன்றுக்கு நான் 108-ஐ அழைத்தது போனில் பதிவாகியிருக்கிறது. முத்துமாரி ஓடி வந்து கை வைத்தபோது ஏழு இருபது. விழுந்ததிலிருந்து எட்டு நிமிடம்.

என் கண்ணெதிரே லைன் ஓடிக்கொண்டிருந்தது. எட்டு மணிக்குச் சரியாகத் தொடங்கியிருந்தது. அமுதாக்காவின் இடத்தில் மாற்று ஆள் ஒருவர் போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் கிளம்பியதும் நாங்கள் எல்லாரும் பஸ்ஸில் ஏறி, கேட்டில் கார்டு தட்டி, உள்ளே வந்திருந்தோம். ஒருவர்கூட லேட் இல்லை. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிகிறது.

பஸ் வாட்ஸ்அப் குரூப்பில் அன்று முழுக்கக் கூப்பிய கைகள். நாற்பத்தொன்று. எண்ணினேன். கையை அங்கே கூப்பினீர்கள். நான் அதையும் செய்யவில்லை, எனக்கு வெட்கமாக இருந்தது.

கம்பெனி மாத இதழில் அமுதாக்காவைப் பற்றி எழுத எனக்கு அரைப்பக்கம் ஒதுக்கினார்கள். தலைப்பும் அவர்களே வைத்தார்கள்: "புன்னகை மாறாத முகம்". யாருடைய முகம் அது? அமுதாக்காவின் முகம் ஒரு ஷிப்டுக்குள் ஒன்பது விதமாக மாறும். அதில் ஏழு விதம் கோபம். அந்த அரைப்பக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நான் எழுதுவது இதுதான். அவரைத் தெரிந்த உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

அமுதாக்காவுக்கு வயது முப்பத்தாறு. படப்பைக்கு உள்ளே நாலு தெரு தள்ளி சொந்த ஊர். அவர்கள் வீட்டு நிலம் மனை போட்டுப் போன பிறகு லைனுக்கு வந்தவர். பதினோரு வருடம் கார் சீட்டுக்கு போல்ட் முடுக்கினார், அதில் கடைசி நான்கு வருடம் லைன் லீடர். நான் பராமரிப்பு இன்ஜினியர். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம், இங்கே ரூமில் இருக்கிறேன். தினமும் காலையில் நிறுத்தத்தில் என்னைப் பார்த்ததும் அவர் கேட்பது ஒன்றுதான்: "இன்னா இஞ்சினீரு, காத்தாலயே மூஞ்ச தூக்கினு கீற? எந்த மிஷினு செத்துச்சு?"

எங்களுக்குள் முதல் சண்டை கயிற்றால் வந்தது. லைன் ஓரமாக ஒரு மஞ்சள் கயிறு ஓடுகிறது, பார்த்திருப்பீர்கள். வேலையில் ஏதாவது கோளாறு என்றால் அதை இழுக்க வேண்டும். விளக்கு எரியும், மணி அடிக்கும், லைன் நிற்கும். நின்றதற்குக் காரணத்தைத் தாளில் எழுத வேண்டும். எல்லாரும் அந்தக் கயிற்றைக் கண்டால் பயப்படுவார்கள். இழுத்தால் சூப்பர்வைசர் வருவார், நான் வருவேன், ஏன் நின்றது என்று குடைவோம். அமுதாக்கா மட்டும் கொடியில் துணி இழுப்பதுபோல இழுப்பார். ஒரு மாதம் தாளைப் புரட்டினால் காரணப் பத்தியில் அவர் கையெழுத்தில் ஐந்து இடத்தில் ஒரே சொல்: சந்தேகம்.

"இதெல்லாம் ஒரு காரணமாக்கா? போல்ட் இல்லை, கீறல், முடுக்கு பத்தலை, இப்படி லிஸ்டே இருக்கு. அதுல ஒண்ணு போடுங்க."

"எதுன்னு தெரிஞ்சா உன்ன இன்னாத்துக்கு கூப்புட்றேன்? போல்ட்டு ஏறுன சத்தம் சரியில்ல. சந்தேகம். எய்திகினேன்."

அந்த சீட்டைக் கழற்றிச் சோதித்தோம். போல்ட் சரியாகத்தான் இருந்தது. எனக்கு ஒரே வெற்றிக் களிப்பு. "பாத்தீங்களா, ரெண்டு நிமிஷம் வீணாப் போச்சு" என்றேன்.

"ரெண்டு நிமிசந்தான போச்சு? இழுக்காம வுட்டு, எவனோ கொயந்தய ஒக்கார வச்சிகினு போறப்ப சீட்டு கயண்டுகிச்சின்னா நீ போயி முடுக்குவியா? சந்தேகம் வந்தா இழு. தப்பா இழுத்தா உன் வாயில திட்டுதான வரும். வந்துட்டுப் போவட்டும்."

மனசுக்குள் "திமிர்" என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது சண்டை போன மே மாதம். ஹாஸ்டலிலிருந்து வருகிற பெண் ஒருத்தி லைனில் மயங்கி விழுந்தாள். ஆம், இதே முத்துமாரிதான், அப்போது சேர்ந்து மூன்று வாரம். நம் விதி என்ன? நிறுத்து, கூப்பிடு, காத்திரு. மிஷினில் கோளாறு என்றால் நிறுத்து, பொறுப்பான ஆளைக் கூப்பிடு, அவர் வரும்வரை கை வைக்காமல் காத்திரு. மிஷினுக்கு அது பொன்னான விதி, சந்தேகமே இல்லை. அதைக் கேட்காமல் விரலைக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் விழுந்தது பெண். அமுதாக்கா கயிற்றை இழுத்தார், கூப்பிட்டார். காத்திருக்கவில்லை. உதிரிப்பாகம் தள்ளுகிற டிராலியில் அவளைத் தூக்கிப் போட்டு, முதலுதவி அறைவரை அவரே தள்ளிக்கொண்டு போய்விட்டார். ஸ்ட்ரெச்சர் குழு வந்தபோது அங்கே ஆள் இல்லை.

விதிமீறல் என்று நான் அவருக்குச் சீட்டுக் கொடுத்தேன். நான்தான் கொடுத்தேன். "முதுகெலும்புல அடிபட்டிருந்தா என்னக்கா ஆகியிருக்கும்?" என்று பாடம் வேறு நடத்தினேன்.

"எங்க கையெயுத்து போடணும், சொல்லு" என்றார். போட்டுவிட்டு நிமிர்ந்தார். "அந்தப் பொண்ணு இன்னா மிஷினா? கரண்ட்ட ஆஃப் பண்ணிட்டு, ஆளு வர்ற வரைக்கும் பாத்துகினு நிக்க?"

அதோடு விட்டேனா? இல்லை. அடுத்த வாரமே ஓர் அட்டை தயாரித்தேன். ஐடி கார்டுக்குப் பின்னால் சொருகுகிற அளவு. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று கட்டம். கீழே தடித்த எழுத்தில் ஒரு வரி: "பயிற்சி பெற்றவர் வரும்வரை எதையும் யாரையும் தொடாதே." பழைய விதியில் "எதையும்" மட்டும்தான் இருந்தது. "யாரையும்" என் கைவரிசை. அமுதாக்காவை மனதில் வைத்துச் சேர்த்தேன். அந்த அட்டைக்கு நல்ல யோசனை என்று எனக்கு ஒரு பரிசுக் கோப்பையும் கொடுத்தார்கள். ரூமில் அதில் பேனா போட்டு வைத்திருந்தேன்.

மூன்றாவது சம்பவம் கேன்டீனில். ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் அரை உடம்பு பொம்மை ஒன்றைக் கொண்டுவந்து, மூச்சு நின்றவர்களுக்கு நெஞ்சை எப்படி அமுக்குவது என்று காட்டினார். ஆண்கள் வரிசையாக வந்து அமுக்கினார்கள், ஒரே சிரிப்பு. "லேடீஸா இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்று அவர் கேட்டதும் சிரிப்பு கூரைக்குப் போனது.

"இன்னா சிரிப்பு?" என்று அமுதாக்கா பின்வரிசையிலிருந்து எழுந்தார். "நான் வுழுந்தா இப்டிதான் பல்ல காட்டிகினு நிப்பீங்களா?"

"உங்களத் தொட்டா செருப்படி வுழும்க்கா" என்றான் ஒருவன்.

"அடிப்பேன். உசுரோட எய்ந்து செருப்பாலயே அடிக்கிறேன். மொதல்ல எய்ப்பு."

கேன்டீனே கைதட்டியது. நான் கதவருகில் நின்று இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு வெளியே போனேன். கம்ப்ரசர் ஒன்று பழுதாகியிருந்தது. வருகைப் பதிவில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போனேன். இரண்டு மணி நேரப் பயிற்சியில் நான் இருந்தது பத்து நிமிடம். சான்றிதழ் முழுசாக வந்தது.

இனி புதன்கிழமை.

பஸ் நிற்கிற இடத்தில் ஒரு ஷேர் ஆட்டோ நின்றிருந்தது. அமுதாக்கா ஓட்டுநரை வறுத்துக்கொண்டிருந்தார். பாதிப் பேச்சில் நிறுத்தி, "ஒரு மாரி கீதுப்பா" என்றார். உட்கார்வதுபோல வந்து அப்படியே சாய்ந்தார். ஒரு செருப்பு கழன்று ஆட்டோவுக்கு அடியில் போயிற்று. கை இரண்டு தடவை வெட்டியது. தொண்டையிலிருந்து குறட்டைபோல ஒரு சத்தம்.

"வலிப்பு! இரும்பு குடுங்க!" என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான். ஐந்து பைக் சாவி, ஒரு ஸ்பேனர். ஐந்து நொடியில் வந்தன. எவ்வளவு வேகம்! எல்லாவற்றையும் அவர் கையில் திணித்தோம். சாவி கொடுக்கத் தெரிந்த ஒருவருக்கும் கை கொடுக்கத் தெரியவில்லை.

நான் 108-ஐ அழைத்தேன். போனில் ஒரு பெண் பேசினார். மூச்சு விடுகிறாரா என்று கேட்டார்.

"விடுறாங்க மேடம், குறட்டை மாதிரி. விட்டு விட்டு வருது."

"அது மூச்சு இல்ல சார். மல்லாக்கப் படுக்க வைங்க. நடு நெஞ்சுல உள்ளங்கைய வச்சு வேகமா, ஆழமா அமுக்குங்க. நான் எண்ணுறேன்."

"மேடம், பேஷன்ட் லேடி."

"தெரியுது சார். அமுக்குங்க."

"இங்க லேடீஸ் யாரையாச்சும் கூப்பிடுறேன்..."

"சார், நீங்க அவங்க பக்கத்துல இருக்கீங்களா, இல்லையா?"

"இருக்கேன் மேடம்" என்றேன். இருந்தேன். அதுதான் கொடுமை, ஓர் அடி தூரத்தில் இருந்தேன்.

"லேடீஸ் யாராவது வாங்க!" என்று கத்தினேன். "எங்களுக்குத் தெரியாது சார், நீங்கதான ட்ரெய்னிங் போனீங்க" என்றார்கள் அங்கே நின்ற பெண்கள். "எலும்பு ஒடஞ்சிரும்" என்றார் ஒருவர். "தொடாதப்பா, கேஸாயிடும்" என்றார் இன்னொருவர். எந்தக் கேஸும் வரவில்லை, ஐயா. இன்றுவரை என் பெயரைக்கூட யாரும் கேட்கவில்லை. யாரோ அவருடைய முந்தானையை மட்டும் மூன்று தடவை இழுத்துச் சரிசெய்தார்கள். மானம் பத்திரமாக இருந்தது. பிறகு நம் மூத்த ஆபரேட்டர் ஒருவர் கழுத்திலிருந்த ஐடி கார்டைத் திருப்பி எனக்கே காட்டினார். "சார், நீங்களே போட்டிருக்கீங்க. யாரையும் தொடாதேன்னு. ஆம்புலன்ஸ் வரட்டும்."

நாற்பத்திரண்டு பேர் கழுத்திலும் அது தொங்கியது. நிறுத்தினோம். கூப்பிட்டோம். காத்திருந்தோம். விதியை இவ்வளவு ஒழுங்காக நாம் லைனில்கூடக் கடைப்பிடித்ததில்லை.

ஏழு இருபதுக்கு முத்துமாரி ஓடி வந்தாள். ஹாஸ்டலில் தண்ணீர் வரவில்லையாம், அதனால் தாமதம். அன்று அவள் சீக்கிரம் வந்திருந்தால் அவளும் எங்களோடு நின்றிருப்பாளோ, எனக்குத் தெரியாது. வந்தவள் சாப்பாட்டுப் பையைக் கீழே போட்டாள்.

"ஏண்ணே, எல்லாரும் பாத்துக்கிட்டா நிக்கிய? போன ஸ்பீக்கர்ல போட்டுக் கீழ வைங்க. எங்க அமுக்கணும்?"

அமுக்கினாள். முதலில் இடம் தப்பு. போனிலிருந்த பெண் திருத்தினார். இரண்டு நிமிடத்தில் அவளுக்குக் கை தளர்ந்தது. "யாராச்சும் மாத்துங்களேன்!" என்று அழுதாள். அப்போதுதான் நான் முழங்காலிட்டேன். ஒரு பெண் தொட்ட பிறகு எனக்கு அனுமதி கிடைத்ததுபோல இருந்தது. என் உள்ளங்கைக்கு அடியில் இருந்தது ஒரு நெஞ்சுக்கூடு. அவ்வளவுதான். எட்டு நிமிடம் எதற்காகப் பயந்தேனோ அது அங்கே இல்லவே இல்லை.

ஏழு இருபத்து நான்குக்கு ஆம்புலன்ஸ் வந்தது.

உடனே அமுக்கியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்கிறீர்கள். தெரியாது. எந்த டாக்டரும் உறுதியாகச் சொல்ல மாட்டார். ஆனால் "அவ விதி அவ்ளோதான்" என்று இரங்கல் கூட்டத்தில் பேசினீர்களே, அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. விதி என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. நாம் என்ன செய்யவில்லை என்று தெரியும். லைன் ஒரு நிமிடம் நின்றால் ஏன், ஏன் என்று ஐந்து தடவை கேட்கச் சொல்கிற கம்பெனி இது. இங்கே ஒருவரும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நானே கேட்டுக்கொண்டேன். ஏன் அமுக்கவில்லை? பெண் என்பதால். பெண் என்றால் என்ன? மற்றவர்கள் தப்பாக நினைப்பார்கள். எந்த மற்றவர்கள்? இதே நாற்பத்தொரு பேர். அவர்கள் என்ன நினைத்துக்கொண்டிருந்தார்கள்? இதையேதான். ஐந்தாவது "ஏன்" தேவைப்படவில்லை.

அன்று சாயங்காலம் அமுதாக்கா வீட்டுக்குப் போனேன். ஆட்டோவுக்கு அடியில் கிடந்த செருப்பை என் டிபன் பையில் வைத்திருந்தேன். பத்தாவது படிக்கிற அவர் மகள் கீர்த்தனா அதை வாங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு கேட்டாள்.

"அண்ணா, ஸ்கூல்ல எங்களுக்கு நெஞ்ச அமுக்குற சிபிஆர் காமிச்சாங்க. அம்மாக்கு யாருனா குடுத்தாங்களா?"

"குடுத்தோம்மா. உடனே குடுத்தோம்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். "தேங்க்ஸ்ணா" என்றாள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பத்து நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரங்கல் எழுதுகிறவர்கள் கடைசியில் கண்ணீர் விடுவார்கள். எனக்கு வேலை இருக்கிறது.

1. அட்டையை மாற்றுவது. பாதுகாப்புப் பிரிவில் கேட்டால் அடுத்த திருத்தத்தில் பார்க்கலாம் என்கிறார்கள். பார்க்கட்டும். முந்நூறு அட்டை நானே அச்சடித்துவிட்டேன். ஒரு பக்கம் மிஷினுக்கு: நிறுத்து, கூப்பிடு, காத்திரு. மறுபக்கம் மனிதருக்கு: கூப்பிடு, அமுக்கு, நிறுத்தாதே. இதற்கு எனக்கு விதிமீறல் சீட்டு வரும். எங்கே கையெழுத்து போடணும் என்று கேட்பேன்.

2. பயிற்சிக்கு மறுபடி போவது. இரண்டு மணி நேரமும். கம்ப்ரசர் வெடித்தாலும்.

3. திங்கள்தோறும் காலை ஏழு மணிக்கு படப்பை நிறுத்தத்தில் பத்து நிமிடம் பொம்மையோடு நிற்பது. பொம்மைக்குச் சேலை கட்டியிருக்கும். சொல்லிக்கொடுப்பவள் முத்துமாரி. முதலில் சிரிக்கிறவன் முதலில் அமுக்க வேண்டும். ஷேர் ஆட்டோக்காரரும் வருகிறேன் என்றிருக்கிறார்.

4. அமுதாக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான்: அந்தக் காரணத் தாளின் ஒரு பக்கம், "சந்தேகம்" என்று ஐந்து தடவை எழுதியது. கோப்பையைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்த இடத்தில் ஒட்டியிருக்கிறேன். மூச்சு இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வந்தால் போதும். இனி கயிறு இழுக்க வேறு காரணம் தேடமாட்டேன்.

5. இந்தத் தாளை உங்களுக்குக் கொடுப்பதற்கு முன், ஞாயிறு காலை பத்து மணிக்கு, கீர்த்தனாவிடம் போவது. உடனே கொடுக்கவில்லை, எட்டு நிமிடம் நின்றோம், போன் என் கையில்தான் இருந்தது, அட்டை நான் போட்டது, உன்னிடம் பொய் சொன்னேன் என்று சொல்வது. அவள் என்ன செய்தாலும் நகராமல் நிற்பது. செருப்பு அவளிடம்தான் இருக்கிறது.